தெரியாமற் செய்த பிழை

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திய காலத்தில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. புள்ளிகளை மேலிருந்து கீழாகக் கூட்டி முடித்த பின், தாளைச் சற்று நேரம் அப்பால் வைத்துவிட்டு, மறுபடியும் கீழிருந்து மேலாகக் கூட்டுவேன். இரண்டு தடவையும் ஒரே தொகை வந்தாலன்றிச் சிவப்பு மையால் எழுதமாட்டேன். உடன் கற்பித்த நண்பர்கள் இதைக் கண்டு நகைத்ததுண்டு. ஆயினும் ஒரு புள்ளியின் பெறுமதி என்ன என்பதை எங்கள் தலைமுறைக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலுக்குப் பின், ஓரிரு புள்ளிகளாற் பல்கலைக்கழக வாசல் மூடப்பட்டுப் போன அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கூட்டலில் நேரும் பிழை ஆசிரியருக்கு வெறும் கூட்டற் பிழைதான். பிள்ளைக்கோ அது வாழ்க்கை.

அந்தப் பழைய வழக்கம் இந்த வாரம் நினைவுக்கு வரக் காரணம் உண்டு. நாம் தெரிந்து செய்யும் தீமைகளைப் பற்றிக் கோயிலிலும் கூட்டங்களிலும் நிறையப் பேசுகிறோம். தெரியாமற் செய்யும் பிழைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. அன்றாட வாழ்வில் ஒருவர் மற்றவருக்கு விளைவிக்கும் துன்பத்திற் பெரும்பகுதியோ தெரியாமற் செய்த பிழைகளினாலேயே வருகிறது. நினையாமல் நடந்துவிட்டது என்று சொல்லி நாம் நகர்ந்து விடுகிறோம். பிழையின் மறுமுனையில் நிற்பவரால் அப்படி நகர முடிவதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எங்களிற் சிலரின் பெயர்களே அடங்கியிருந்த ஓர் எடுத்துக்காட்டு இந்நாட்டிலேயே இருக்கிறது.

2014ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி, அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தடுப்பு முகாம்களிலும் சமூகத்தடுப்பிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் வழக்கமான மாதாந்தப் புள்ளிவிபர அறிக்கை அது. எண்களும் வரைபடங்களுமாக, எவரும் ஆர்வத்தோடு புரட்டிப் பார்க்காத வகையைச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் எவருடைய கண்ணுக்கும் நேரே தெரியாத ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அறிக்கையைத் தயாரித்த அலுவலர் ஒருவர், எக்செல் அட்டவணையில் வரைந்த வரைபடத்தைப் பிரதி செய்து, வேர்ட் ஆவணத்தில் ஒட்டியிருக்கிறார். அவ்வாறு ஒட்டும்போது படம் மட்டும் வருவதில்லை. அந்தப் படம் எந்தத் தரவுகளிலிருந்து வரையப்பட்டதோ, அந்த அட்டவணையும் படத்தின் பின்னால் மறைந்து வந்துவிடலாம். இங்கே அதுதான் நடந்தது. படத்தின் மேல் இரண்டு தடவை அழுத்தத் தெரிந்த எவரும் உள்ளிருந்த அட்டவணையைத் திறக்கலாம் என்ற நிலையில் ஆவணம் உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த அட்டவணையில் 9,258 பேரின் விபரங்கள் இருந்தன. முழுப்பெயர், ஆணா பெண்ணா என்பது, பிறந்த திகதி, எந்த நாட்டவர், எங்கே எவ்வளவு காலம் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார், படகில் வந்தவராயின் அதன் விபரம் என எல்லாம் இருந்தன. அப்போது குடிவரவுத் தடுப்பில் இருந்த அத்தனை பேரும் அதில் அடங்கினர்.

எட்டரை நாட்கள் அந்த அறிக்கை அங்கேயே இருந்தது. பெப்ரவரி 19ஆம் திகதி கார்டியன் பத்திரிகை திணைக்களத்துக்கு அறிவித்த பிறகே அது அகற்றப்பட்டது. அதற்கிடையில் 104 வெவ்வேறு இணைய முகவரிகளிலிருந்து 123 தடவைகள் அது திறக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் நடந்த விசாரணை கூறியது. திறந்தவர்கள் யார், எதற்காகத் திறந்தார்கள், உள்ளிருந்த அட்டவணையைக் கண்டார்களா என்ற கேள்விகளுக்கு, பட்டியலில் இருந்தவர்களுக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

இதிலே ஒரு விடயத்தை நேர்மையோடு சொல்ல வேண்டும். அந்த அலுவலர் எவர் மீதும் பகை கொண்டு இதைச் செய்யவில்லை. அலுவலகத்தில் நாள்தோறும் நூறு பேர் செய்வதையே அவரும் செய்தார். பிரதி செய்தார், ஒட்டினார், மேலதிகாரிக்கு அனுப்பினார். மேலே இருந்தவர்களும் எழுத்துப் பிழையையும் எண் பிழையையும் பார்த்திருப்பார்கள். படத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. 2014 நவம்பரில் தனியுரிமை ஆணையாளர் திமோதி பில்கிரிம் வெளியிட்ட அறிக்கையும் திணைக்களம் தனிநபர் தகவலைச் சட்டத்துக்கு மாறாக வெளிப்படுத்தியது என்றே முடிவு கூறியது. தகவலைக் காப்பதற்குத் தக்க ஒழுங்குகளைத் திணைக்களம் செய்திருக்கவில்லை என்பதும் அதில் சுட்டிக்காட்டப்பட்டது.

இனி மறுமுனையைப் பார்ப்போம். புகலிடம் கோரிய ஒருவரின் பெயரை இந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பில் வெளியிடுவதில்லை. சட்டமே அதைத் தடுக்கிறது. பெயருக்குப் பதிலாக எழுத்துகளாலான ஒரு குறியீடே வழக்கின் தலைப்பில் இருக்கும். எதற்காக இந்த ஏற்பாடு? தன் நாட்டு அரசிடமிருந்து ஓடி வந்தவன், நான் ஓடி வந்திருக்கிறேன் என்பதை அந்த அரசுக்கு அறிவிக்க விரும்பமாட்டான் என்பது உலகறிந்த உண்மை. அவன் தப்பி வந்தாலும் தாயும் தகப்பனும் சகோதரங்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஒற்றை அட்டவணை, நீதிமன்றம் பொத்திப் பொத்திக் காத்த இரகசியத்தை, ஊர் பேரோடு வெளியே வைத்தது.

இதை வாசிக்கும் உங்களிற் சிலருக்கு 2014 மார்ச்சில் வந்த திணைக்களக் கடிதம் நினைவிருக்கும். உங்கள் விபரம் தவறுதலாக வெளியாகியிருக்கலாம், அதற்காக வருந்துகிறோம் என்ற பொருளில் அது இருந்தது. அந்தக் கடிதம் முகாமுக்குள் இருந்தவரின் கையில் என்ன செய்திருக்கும் என்பதை வெளியே இருப்பவர்கள் முழுதாக உணர முடியாது. அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்க வேண்டும். கேட்டால் தாய் பயப்படுவாள். கேட்காவிட்டால் தனக்கு உறக்கம் வராது. ஆபத்து உண்மையாக வந்ததா இல்லையா என்பது ஒரு புறம் இருக்க, வருமோ என்ற அச்சத்தோடு வாழ்வதே ஒரு தண்டனை அல்லவா?

ஒருவர் நாட்டை விட்டுப் புறப்பட்ட வேளையில் இல்லாத ஆபத்து, புறப்பட்ட பின் நேர்ந்த ஒன்றினால் உருவாகலாம் என்பதை அகதிச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, திணைக்களத்தின் பிழையே எங்களுக்குப் புதிய ஆபத்தாகிவிட்டது என்று பலர் வழக்காடினர். பங்களாதேஷைச் சேர்ந்த ஒருவரினதும் சீனாவைச் சேர்ந்த ஒருவரினதும் வழக்குகள் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றன. சிட்னியிலிருந்த சமஷ்டி நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். ஆனால் 2016 யூலை 27ஆம் திகதி கன்பராவின் அதியுயர் நீதிமன்றம் அந்த வெற்றியைத் திருப்பியது. அவர்கள் அஞ்சும் தரப்பினர் விபரங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே அலுவலர்கள் ஆபத்தை மதிப்பிட்டார்கள், ஆகவே நடைமுறையில் நீதியீனம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கதை அங்கே முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சார்பிற் செய்யப்பட்ட கூட்டு முறைப்பாட்டின் மீது, 2021 ஜனவரியில் தகவல் ஆணையாளர் ஏஞ்சலின் ஃபோக் தீர்மானம் வழங்கினார். தங்களுக்கு நேர்ந்த பாதிப்பை எழுத்து மூலம் எடுத்துக் கூறிய 1,297 பேருக்குத் திணைக்களம் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றார். 500 டொலரில் தொடங்கி, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 20,000 டொலருக்கு மேலும் செல்லக்கூடிய படிநிலைகள் வகுக்கப்பட்டன. பொருள் இழப்புக்காக மட்டுமன்றி, மனம் பட்ட பாட்டுக்காகவும் நட்டஈடு உண்டு என்று சொல்லப்பட்டது கவனிக்கத்தக்கது. பிழை நடக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அதற்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றன.

இவ்வளவையும் வாசித்து, அரசாங்கம் என்றால் அப்படித்தான் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவது எளிது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். என்னுடைய மேசையில் அதே பிழை நடக்கும் வரை.

நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதால், அயலிலுள்ள சில குடும்பங்கள் ஆங்கிலக் கடிதங்களை என்னிடம் கொண்டு வருவார்கள். வாசித்துப் பொருள் சொல்வேன். பதிவு பெற்ற குடிவரவு முகவரோ சட்டத்தரணியோ அல்லாதவர் விசா ஆலோசனை வழங்குவதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்வதற்குத் தடை இல்லை. நான் செய்தது அவ்வளவே. அவர்களில் ஒருவர் மின்னஞ்சல் பாவித்துப் பழகாதவர். களஞ்சியசாலையில் இரவு வேலை செய்பவர். தன் விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாக என் மின்னஞ்சலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஓம், அதற்கென்ன என்றேன்.

அந்த ஓம் என்ற சொல்லின் பாரத்தை நான் அப்போது நிறுத்துப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குரிய மின்னஞ்சல் வந்தது. தலைப்பைப் பார்த்தேன். ஏதோ வழமையான அறிவித்தல் போலத் தோன்றியது. வார இறுதியில் ஓர் ஆண்டு நிறைவு விழா இருந்தது. திங்கட்கிழமை பார்ப்போம் என்று வைத்தேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. பின் அது மற்ற மின்னஞ்சல்களுக்குக் கீழே போய்விட்டது. பதினைந்தாம் நாள் வேறொன்றைத் தேடும்போது கண்ணிற்பட்டது. திறந்து வாசித்தேன். மேலதிக ஆவணங்கள் வேண்டும் என்றும், இருபத்தெட்டு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவற்றுள் ஊரிலிருந்து எடுப்பிக்க வேண்டிய பத்திரங்களும் இருந்தன.

வாசகர்கள் ஒன்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. குடிவரவுச் சட்டப்படி, மின்னஞ்சலில் அனுப்பப்படும் அறிவித்தல், அனுப்பப்பட்ட நாளின் முடிவிலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகக் கொள்ளப்படும். நீங்கள் திறந்தீர்களா, வாசித்தீர்களா என்பது கணக்கில் இல்லை. நாட்கள் அன்றிலிருந்தே எண்ணப்படும். நிராகரிப்பை எதிர்த்து மீளாய்வுக்கு விண்ணப்பிக்கும் கால எல்லையாயின் இன்னும் கடுமை. 2024 ஒக்டோபரில் தொடங்கிய புதிய மீளாய்வு நியாயசபைக்கும் விசா வழக்குகளில் அந்த எல்லையை நீட்டிக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அவருடைய கடிதம் அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதொன்றே அன்று எனக்கிருந்த ஆறுதல்.

அன்று மாலையே அவருடைய வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் என் மனம் செய்த வேலையை ஒளிக்காமற் சொல்கிறேன். மின்னஞ்சல் பிந்தித்தான் வந்தது என்று சொல்லலாமா என்று அது கேட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டு வாசற்படியில் நின்றபோதுதான் திணைக்களத்தின் மீது நான் சொன்ன குற்றங்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன. உள்ளே போய், கடிதம் பதினைந்து நாட்களுக்கு முன் வந்தது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "பரவாயில்லை மாஸ்டர், நீங்கள் வேணுமென்றா செய்தனீங்கள்" என்றார். அவருடைய மனைவி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தேநீர் வரவில்லை. அந்த வீட்டில் எனக்குத் தேநீர் வராத நாள் அது ஒன்றுதான்.

முடிவில் ஒரு சட்டத்தரணியின் முயற்சியால் மேலும் சில நாட்கள் கிடைத்தன. பத்திரங்கள் வந்து சேர்ந்தன. விண்ணப்பம் தப்பியது. ஆகவே பிழை ஒருவரையும் பாதிக்கவில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் பல வாரங்கள் கழிந்த பின்னரே ஒரு செய்தி அறிந்தேன். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு அது உயர்தரப் பரீட்சை ஆண்டு. ஓகஸ்ட் மாதம், பாடசாலையின் முன்னோடிப் பரீட்சை நடந்த வாரம். வீட்டில் ஆங்கிலம் நன்கு அறிந்தவள் அவள் ஒருத்தியே. என்னிடம் மறுபடி வர மனமில்லாத தகப்பன், படிவங்களை அவளிடம் கொடுத்திருக்கிறார். இரவில் சட்டத்தரணிக்குக் கடிதம் எழுதியதும், தகப்பனுக்கு ஊரில் நடந்தவற்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்ததும் அவள்தான். தான் பிறக்கும் முன் தன் குடும்பத்துக்கு நேர்ந்தவற்றை, பெற்றோர் அதுவரை அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தவற்றை, பரீட்சை வாரத்தில் இரவிரவாக இருந்து அவள் மொழிபெயர்த்திருக்கிறாள்.

நான் விடைத்தாளை இரண்டு தடவை கூட்டியவன். ஒரு பிள்ளையின் ஒரு புள்ளிக்காக அவ்வளவு கவனம் எடுத்தவன். என் பிழை போய் விழுந்ததும் ஒரு பிள்ளையின் தலையிலேயே. பிழை செய்தபோது அவள் என் நினைவில் இருக்கவே இல்லை. கல்லை எறிந்தவன் குளத்தில் எறிந்ததாகத்தான் நினைக்கிறான். அலை எந்தக் கரையைத் தொடும் என்று அவனுக்குத் தெரிவதில்லை.

எங்கள் அயலிலேயே இதற்குப் பெரியதொரு சாட்சி உண்டு. லிட்கத்திலிருந்து மேற்கே போகும் புகையிரதம் ஓபர்ன், கிளைட் நிலையங்களைத் தாண்டிக் கிரான்விலை அடைகிறது. 1977 ஜனவரி 18ஆம் திகதி காலை, மவுண்ட் விக்டோரியாவிலிருந்து வேலைக்குப் போவோரை ஏற்றி வந்த புகையிரதம் அங்கே தடம் புரண்டு, போல்ட் வீதிப் பாலத்தின் தூண்களில் மோதியது. பாலம் பெட்டிகளின் மீது விழுந்தது. 83 பேர் மாண்டனர். பிறவாத சிசு ஒன்றும் பின்னர் அந்தக் கணக்கிற் சேர்க்கப்பட்டது. தண்டவாளம் முறையாகப் பராமரிக்கப்படாமல், அதன் பிணைப்புகள் தளர்ந்து, தண்டவாளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருந்ததே காரணம் என்று விசாரணையிற் கண்டார்கள். பாலத்தைக் கட்டியபோது அதன் மட்டம் வீதியை விடத் தாழ்ந்திருந்ததால், சமப்படுத்துவதற்காக மேலே கொங்கிறீற் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். அந்தப் பாரமும் சேர்ந்தே பெட்டிகளை நசுக்கியது. இவர்களில் எவர் கொலைகாரர்? ஒருவரும் இல்லை. ஆயினும் 83 பேர் வீடு திரும்பவில்லை. மாநில அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2017 மே மாதத்தில், நாற்பது ஆண்டுகள் கடந்த பின்.

பிழையைத் தடுப்பது ஒரு கடமை. நடந்த பிழைக்கு என்ன செய்கிறோம் என்பது இன்னொரு கடமை. இரண்டாவதை எங்கள் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். எல்லாளனைப் பற்றிச் சிறு வயதில் எல்லோரும் படித்திருக்கிறோம். கன்றைத் தேர்க்காலில் இட்ட மகனுக்கு அதே தண்டனை விதித்தான் என்ற கதை, திருவாரூர் மனுநீதிச் சோழன் மீதும் சொல்லப்படுகிறது. ஆனால் மகாவம்சம் எல்லாளனைப் பற்றி இன்னொரு சம்பவமும் கூறுகிறது. அது எம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரு நாள் எல்லாளன் பௌத்த துறவிகளை அழைப்பதற்காகத் தேரிற் சென்றபோது, அவனுடைய தேரின் நுகத்தடி முனை பட்டு ஒரு தாதுகோபம் சேதமடைந்தது. வேண்டுமென்று செய்ததன்று. அமைச்சர்கள் எடுத்துச் சொன்னதும் அவன் தேரிலிருந்து இறங்கி, வீதியிற் படுத்து, அந்தச் சில்லாலேயே என் தலையையும் அறுத்துவிடுங்கள் என்றானாம். பிற உயிருக்குத் தீங்கு செய்வதைப் புத்தர் ஏற்கமாட்டார், சேதத்தைத் திருத்திக் கொடுத்து மன்னிப்புப் பெறுங்கள் என்று அமைச்சர்கள் கூறினர். பெயர்ந்து விழுந்த பதினைந்து கற்களை மீண்டும் வைப்பதற்கு அவன் பதினையாயிரம் காசு செலவிட்டான் என்று அந்நூல் எழுதுகிறது. எல்லாளன் பௌத்தனல்லன். எழுதியவரோ அவனை வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகப் பாடிய துறவி. அவரே இதை மறைக்காமல் எழுதி வைத்தார். தெரியாமல் நடந்தது என்று அந்த அரசன் தேரைச் செலுத்திக்கொண்டு போயிருந்தால் அவனைக் கேட்பார் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். அவன் இறங்கினான். பிழையைத் தன்னுடையதென்றான். பின் கற்களை எடுத்து வைத்தான். பிழைக்குப் பின் செய்ய வேண்டியவை இந்த மூன்றுமே.

இப்போது எங்கள் கைகளைப் பார்ப்போம். தடுப்பு முகாமிலிருந்தோரின் பெயரைத் திணைக்களம் ஒரு தடவை வெளியிட்டது. நாங்களோ அதை வாரந்தோறும் செய்கிறோம். பிறந்தநாள் விழாவில் எடுத்த படத்தில், பின்வரிசையில் ஒருவர் நிற்கிறார். அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் இந்நாட்டில் இருப்பதே ஊரில் எல்லோருக்கும் தெரியாது. அவரைக் கேளாமல் அந்தப் படம் முகநூலுக்குப் போகிறது, பெயரோடும் இடத்தோடும். ஒருவருடைய விசா எதனால் நிராகரிக்கப்பட்டது என்பதை அனுதாபத்தோடுதான் மற்றொருவருக்குச் சொல்கிறோம். அவர் அதைக் குரற்பதிவாக வட்ஸ்அப் குழுவில் இடுகிறார். இன்னொருவர், எனக்கு இப்படிச் சொல்லித்தான் கிடைத்தது, நீயும் அப்படிச் சொல் என்று நல்லெண்ணத்தோடு புத்தி சொல்கிறார். கேட்டவருடைய உண்மைக் கதை அதனாலேயே நம்பப்படாமற் போகிறது. இவர்களில் எவரும் தீயவர் அல்லர். எட்டரை நாட்கள் அந்த அறிக்கையை வைத்திருந்த அலுவலர்களும் தீயவர்கள் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே சில வழக்கங்களை நாம் பழகிக்கொள்ளலாம். மற்றவருடைய முகமோ பெயரோ உள்ள எதையும் அனுப்பும் முன் அவரைக் கேளுங்கள். மற்றவருடைய கடிதத்துக்கு ஓம் என்று சொன்னால், அதை உங்கள் சொந்த வழக்கைப் போலப் பாருங்கள். பார்க்க நேரமில்லையாயின் முடியாது என்று சொல்லுங்கள். அந்த மறுப்பு ஓர் உதவி. வீடு மாறினாலோ தொலைபேசி இலக்கம் மாறினாலோ திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். 131 450 என்ற இலக்கத்தில் அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை இயங்குகிறது. அதில் தமிழிலும் உதவி உண்டு. பிழை நேர்ந்துவிட்டால், காரணம் தேடாமல் அன்றைக்கே சொல்லுங்கள். பதினைந்தாம் நாள் நான் சொன்னதால் பதின்மூன்று நாட்கள் மிஞ்சின. இன்னும் ஒரு வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

அந்தப் பிள்ளை பரீட்சையிற் சித்தியடைந்து, இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். என் பிழை இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை புள்ளி பெற்றிருப்பாள் என்பதை இரண்டு தடவை கூட்டினாலும் நான் கண்டுபிடிக்க முடியாது. அண்மையில் லிட்கம் நிலையத்தில் அவளைக் கண்டேன். வணக்கம் சேர் என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள். விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவளுடைய புகையிரதம் வந்தது. "அப்பாவிடம் ஒருக்கால் வீட்டுக்கு வாங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.